பிளாட்டினத்தில் படிந்த ரத்தம்!

"எங்கள் கார் நஞ்சைக் கக்காது!" என்று மார்தட்டுகிறார்கள் மோட்டார் முதலாளிகள். எதனால் கக்கவில்லை? புகைக்குழாயில் விரல் பருமனுள்ள சென்சார் ஒன்று இருக்கிறது. பிளாட்டினம் பூசிய ஜிர்கோனியாப் பீங்கான்! புகையில் மிஞ்சும் பிராணவாயுவை அது அளந்து சொல்ல, பெட்ரோல் கூடும், குறையும். அடுத்துள்ள கருவியில் நச்சுவாயுவை முறிப்பதிலும் பிளாட்டினத்துக்குப் பங்குண்டு.

அந்தப் பிளாட்டினத்தைத் தோண்டியவன் யார்? உலகப் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கிடைப்பது. அங்கே மரிக்கானாவில், லோன்மின் கம்பெனியின் பாறை துளைக்கும் தொழிலாளர்கள் 2012 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? மாதம் 12,500 ராண்ட் கூலி! கிடைத்தது என்ன? ஆகஸ்ட் 16-ந் தேதி போலீஸ் குண்டு! ஒரே நாளில் 34 தொழிலாளர்கள் பிணமானார்கள்!

புகையின் நஞ்சை அளக்கக் கருவி செய்தவர்களுக்கு, பாதாளத்தில் உழைப்பவனின் பசியை அளக்க மட்டும் மனம் வரவில்லை!

தோழர்களே, விஞ்ஞானம் நமக்குப் பகையல்ல. அதை லாபத்துக்கு அடிமையாக்கிய முதலாளித்துவமே பகை! குண்டுக்கு அஞ்சி அந்தத் தொழிலாளர்கள் ஓய்ந்தார்களா? இல்லை! 2014-ல் பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். ஒற்றுமைதான் உழைப்பாளியின் ஆயுதம்!

மரிக்கானாத் தியாகிகளுக்குச் செவ்வணக்கம்!