உள்ளான் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு ஒருவன் எழுந்தால், வீட்டில் கல்யாணமாக இருக்க வேண்டும். அல்லது மேலதிகாரி ரயிலில் வந்து இறங்க வேண்டும். எனக்கு மூன்றாவதாக ஒரு காரணம் வாய்த்தது. பாஸ்கர்!

இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறான். மூன்று வருஷமாகக் கழுத்தில் பைனாகுலருடன் திரிகிறான். "கோடியக்கரைக்கு வாடா. ஒரே நாள்ல காட்டையும் கடலையும் காட்டறேன்" என்றான். நான் பி.காம். எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, புறா, அப்புறம் மெனு கார்டில் இருப்பவை. ஆனாலும் டிசம்பர் கடைசி ஞாயிறு, வேதாரண்யம் லாட்ஜில் நாலரைக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, கிளம்பிவிட்டேன்.

காடு என்றதும் யானை, புலி என்று கற்பனை செய்யாதீர்கள். மணல். அதில் பாலை மரங்களும் முள் புதர்களும். ராமர் பாதம் இருக்கிற மேட்டை 'மலை' என்கிறார்கள். எங்கள் ஆபீஸ் மாடிப்படி அதைவிட உயரம். வழிகாட்ட உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். லுங்கி, மஃப்ளர், கையில் பைனாகுலர் கிடையாது.

இருட்டுக்குள் எங்கேயோ இரண்டு கட்டையாக ஒரு விசில்.

"ஆறுமணிக் குருவி, தம்பி. காலைல ஆறு, சாயந்திரம் ஆறு."

வாட்சைப் பார்த்தேன். "ஆறு ரெண்டு ஆச்சே ஐயா?"

"வாட்ச் ஃபாஸ்ட்டா இருக்கும்."

வெளிச்சம் வந்த பிறகு சருகுக்குள் அதைப் பார்த்தோம். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, அடிவாலில் சிவப்பு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. பெயின்ட் கடை சாம்பிள் அட்டை மாதிரி இருந்தது. இமயமலை அடிவாரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருகிறது. ராத்திரியில்தான் பயணம். ரிசர்வேஷன் கிடையாது.

வெயில் ஏறியதும் சதுப்பு நிலத்துக்குப் போனோம். தூரத்தில் வேதாரண்யத்து உப்பளங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு எடுத்த ஊர். நான் பஸ்ஸில் வந்தும் முழங்கால் வலித்தது. பூநாரைகள் வரிசையாக நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை அரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பு தின்கிற பாசியிலும் சின்ன இறாலிலும் இருந்து வருகிறதாம். பாஸ்கர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கண் காலடியில் இருந்த கூட்டத்தின் மேல்.

சேற்று நிறத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குருவிகள். தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தித் தின்றபடி ஓடின.

"கொசு உள்ளான்" என்றான் பாஸ்கர். "இருபது, முப்பது கிராம்தான். சைபீரியாவோட வடகோடில, மரமே முளைக்காத பனி நாட்டுலேர்ந்து வருது."

இருபது கிராம் என்றால் தபாலாபீஸில் சாதாரண ஸ்டாம்பில் போகிற கடிதம்! கிளம்புமுன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, வழியெல்லாம் அந்த பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து செலவு. இதற்குப் பெரியப்பா முறை பட்டைவால் மூக்கன். 2022-ல் பிறந்து ஐந்தே மாதமான ஒரு மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், பதினோரு நாள். நடுவில் எங்கும் இறங்கவில்லை. முதுகில் கட்டிய கருவி சொன்ன கணக்கு.

பெரியவர் என்னைப் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"அப்ப சாப்ட்ருப்பீங்க."

பாஸ்கர் பைனாகுலரை இறக்கினான்.

"ஒரு தடவை" என்றேன். பெரியவர் பார்வையை எடுக்கவில்லை. "நாலஞ்சு தடவை... காலேஜ் படிக்கிறப்ப. காடைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

பொய். உள்ளான் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். எலும்போடு மொறுமொறுவென்று இருக்கும். சட்டம் 1972-லேயே வந்துவிட்டது என்பதும் தெரியும்.

பெரியவர் கோபப்படவில்லை. "நானே வலை போட்டவன்தான். ராத்திரி அமாவாசையா இருந்தா நல்லா விழும். அப்புறம் பம்பாய்லேர்ந்து பறவை ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்க. அவங்களுக்குப் புடிச்சுக் குடுத்தேன். அதே வலை, அதே கை. முன்னாடி கழுத்தைத் திருகுவோம். பொறவு கால்ல வளையம் மாட்டி விட்டுருவோம்."

"எது கஷ்டம்?" என்றேன்.

"வளையம்தான். கைக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிக்கும். அதைப் புடிச்சுக்கிட்டே நிக்கணும்ல?"

சாயந்திரம் மறுபடி ஆறுமணிக் குருவி கூவியது. இந்தத் தடவை நான் வாட்சைப் பார்க்கவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும், அந்த நாலு பேரில் ஒருவனுக்கு போன் போட்டேன். கும்பகோணத்தில் பாங்க்கில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன்.

"ருசியா இருக்குமேடா!" என்றான் முதலில். பிறகு, "சைபீரியாவுலேர்ந்தா?"

"அதுலயும் வடகோடி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பாங்க்காரன், கணக்குப் போடுகிறான் என்று புரிந்தது.

"ஆளுக்கு எத்தனைடா சாப்பிடுவோம்?"

"ஆறு."

"சரி, வெச்சுடறேன்" என்றான்.