ராடார் பழுது பார்த்த கைக்குக் காவல் தடியா?

இந்திய ராணுவத்தில் ராடாரையும் வயர்லெஸ்ஸையும் பழுது பார்க்கும் சிப்பாய் யார்? நம் வீட்டுப் பிள்ளை! நள்ளிரவில் கருவி நின்றாலும், மீட்டர் வைத்துக் கோளாறைத் தேடி, ஈயம் பற்றவைத்து ஓடச் செய்பவன். வெளியே வந்ததும் அந்தக் கை என்ன செய்கிறது? பலருக்கு, பாங்கி வாசலில் தடி பிடிக்கிறது!

2022 ஜூனில் சர்க்கார் அறிவித்த அக்னிபாத் திட்டம் இந்த அவலத்தைப் பெருக்கும். நான்கே ஆண்டு வேலை. நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிரந்தரம் இல்லை. மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. ஒரு சான்றிதழ், சுமார் 11.71 லட்சம் ரூபாய், அவ்வளவுதான். அந்தப் பணமாவது தானமா? மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த 30 சதவிகிதம், சர்க்கார் போட்ட அதே அளவு, அதற்கு வட்டி. ஏறக்குறைய பாதி அவன் கூலியே!

தொழில் கற்றுக் கொடுத்ததாகப் பெருமை பேசுகிறார்கள். கற்ற தொழிலுக்கு வேலை எங்கே? டெலிபோன், ரயில்வே சிக்னல், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் இந்தக் கைத்திறன் வேண்டும். ஆனால் நிரந்தர இடங்களைக் கான்ட்ராக்ட் முறை விழுங்குகிறது.

நாம் பிச்சை கேட்கவில்லை. கற்ற தொழிலிலேயே, பொதுத்துறையில், நிரந்தர வேலை கேட்கிறோம். தடியை வாங்கிக்கொள், மீட்டரைத் திருப்பிக் கொடு!