பழைய வண்டிக்கு மாற்றாக இன்னொரு பழைய வண்டி

பல்லாண்டு உழைத்த மோட்டார் சைக்கிள் ஒரே நாளிற் கெட்டுவிடுவதில்லை. முதலில் நீலப் புகை கக்கும். பின்னர் ஏற்றத்தில் இளைக்கும். ஈற்றில் மாதந்தோறும் திருத்துமிடத்துக்குச் செல்லும். அப்போது அதனை மாற்றுதலே நன்று. ஆயினும் புதியது வாங்குதல் எல்லார்க்கும் இயலுவதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது; இடைக்காலத்திற் பழைய வண்டிகளின் விலையும் ஏறிற்று. ஆகவே பிறர் ஓட்டிய வண்டியை ஆராய்ந்து கொள்ளும் அறிவு நமக்கு இன்றியமையாதது.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதி ஏறக்குறைய 320 கிலோமீற்றர் நீளமுடையது. மனைவியையோ மகனையோ பின்னிருத்தி அத்தகைய நெடுவழி செல்பவர், சந்தைக்குப் போய்வர வண்டி தேடுபவர்போல் இருத்தலாகாது. இருக்கை இருவர்க்கும் போதுமா, நிற்கும்போது கால்கள் நிலத்திற் பதியுமா, உதிரிப்பாகங்கள் வழியிலுள்ள ஊர்களிற் கிடைக்குமா என்பவற்றையே முதலிற் கேட்டல் வேண்டும். வேகத்தைப் பின்னர் விசாரிக்கலாம்.

விற்பவர் நமக்குக் காட்டுவன மெருகும் மீற்றரும். மெருகு ஒரு காலைப்பொழுதின் வேலை. மீற்றரின் எண்ணைக் குறைக்க வல்லாரும் உளர். மாடு கொள்வோர் பல்லைப் பார்த்து வயதறிவர். வண்டிக்கும் பற்கள் உள. செயின் ஓடும் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பின் அது மிகவும் தேய்ந்தது எனத் துணியலாம். ரயரின் பக்கத்தே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாது நின்றாலும் இறப்பர் முதுமையடையும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். சூடேறிய எஞ்சின் தன் குறையை மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்திலும் எஞ்சினிலும் உள்ள இலக்கங்கள் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் அவசியம்.

புதிதாயினும் பேணப்படாத வண்டி ஒன்றும், வயது மிகுந்தும் முறையாகப் பேணப்பட்டுத் திருத்தப் பற்றுச்சீட்டுகளோடு வரும் வண்டி ஒன்றும் எதிரே நின்றால், இரண்டாவதைக் கொள்க என்பதே எமது கருத்து. கைப்பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாது, ரயர், பிறேக், செயின் ஆகியவற்றை மாற்றுதற்கு ஒரு பங்கை ஒதுக்கி வைத்தலும் நன்று.

பின்னால் ஏறுபவர் இவற்றுள் எதனையும் ஆராய்வதில்லை. நம்மை நம்பி ஏறுகின்றார். அந்நம்பிக்கையின் பொருட்டு ஒருநாட் பொழுதைச் செலவிட்டு ஆராய்தல் நம் கடனன்றோ?