இயங்குகிறதா, இயக்கப்படுகிறதா?

'லினக்ஸில் வரைகலை அட்டை மெதுவாக இயங்குகிறது' என்னும் வாக்கியம் ஆய்வகங்களில் அன்றாடம் கேட்கப்படுவது. இலக்கணப் பிழை அதில் இல்லை, பொருட்பிழை உண்டு. 'இயங்குகிறது' என்பது தன்வினை. அட்டை தானாகவே சோம்பிக் கிடப்பதுபோல அது ஒரு தோற்றம் தருகிறது. கேட்க வேண்டியது பிறவினைக் கேள்வி: இவ்வளவு வேகத்தில்தான் இயக்க வேண்டும் என்று விதித்தவர் யார்?

முனையத்தில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை இட்டு, 'ரெண்டரர்' வரியைப் பார்க்கலாம். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தால் அட்டை வேலையே செய்யவில்லை. மையச் செயலியே படம் வரைகிறது. கரு புதுப்பிக்கப்பட்டபோது இயக்கித் தொகுதி மீண்டும் கட்டப்படாமல் போயிருக்கலாம். கையொப்பமில்லாத் தொகுதியைச் செக்யூர் பூட் மறுத்திருக்கலாம். இரட்டை அட்டை மடிக்கணினியில் இன்டெல் பெயர் தோன்றினால், சிக்கனமான அட்டை மட்டுமே உழைக்கிறது. இவையெல்லாம் பயனர் சரிசெய்யக் கூடியவை. ஆனால் 'என்வி' என்று தொடங்கும் குறியீடு நின்று, அட்டையும் ஜிடிஎக்ஸ் 970 அல்லது 1060 போன்றதாக இருந்தால், மருந்து பயனர் கையில் இல்லை.

அக்குறியீடு நூவோ என்னும் கட்டற்ற இயக்கியைச் சுட்டுவது. நிறுவனத்தின் ஆவணங்கள் இல்லாமலே, வன்பொருளின் நடத்தையைக் கவனித்துக் கவனித்துத் தன்னார்வலர்கள் எழுதியது அது. 2014 செப்டம்பரில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 970, 980 முதலாக, தன் கையொப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே அட்டை ஏற்குமாறு என்விடியா பூட்டியது. அடிப்படைப் பணிக்கான கோப்புகளைப் பின்னர் கொடுத்தது. கடிகார வேகத்தை உயர்த்தத் தேவையான கோப்பைக் கொடுக்கவில்லை. ஆகவே, கணினி விழிக்கும்போது இருந்த தாழ்ந்த வேகத்திலேயே அட்டை நாள் முழுவதும் நிற்கிறது. 2016இல் வந்த பாஸ்கல் தலைமுறைக்கும் இதே கதி. டூரிங் முதலான அட்டைகளுக்குக் கருத்தொகுதியின் மூலநிரலை 2022 மேயில் நிறுவனம் திறந்தது; 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7இல் நூவோவும் அவற்றின் வேகத்தைப் பெற்றது. முந்தைய தலைமுறைகளுக்குக் கதவு இன்றும் அடைபட்டே இருக்கிறது.

'நிறுவனத்தின் மூடிய இயக்கியை நிறுவிக்கொள்ளலாமே' என்பார்கள். மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டா அட்டைகளுக்கு 580 வரிசை இயக்கியே கடைசி என்று 2025இல் அறிவித்தது அதே நிறுவனம். புதிய கருக்களோடு அது பொருந்தாமல் போகும் நாளில் எஞ்சுவது, கை கட்டப்பட்ட நூவோ மட்டுமே. 'போலி அட்டைகளைத் தடுக்கவே கையொப்பம்' என்பது இன்னொரு வாதம். கையொப்பமிடும் திறவுகோலை எவரும் கேட்கவில்லை. கையொப்பமிட்ட கோப்பைத்தான் கேட்கிறார்கள். அதைக் கொடுத்தால் எந்தப் போலி பிழைக்கும்?

தொழில்நுட்பம் தடை என்றும் சொல்ல இயலாது. ஏஎம்டி 2007இலேயே ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2012 காலத்து ரேடியான் எச்டி 7000 வரிசைக்கும் கட்டற்ற இயக்கி இன்றும் பேணப்படுகிறது.

இழப்பு யாருக்கு? புதிய அட்டை வாங்க வல்லவருக்கு அன்று. டெல்லி நேரு பிளேஸிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பழைய அட்டையைப் பேரம் பேசி வாங்கும் மாணவருக்கு. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் பழைய கணினியை வைத்தே ஆய்வேட்டை முடிக்க வேண்டியவருக்கு. நல்ல நிலையிலுள்ள அட்டைகள் ஒரு கோப்பு இல்லாத காரணத்தால் மின்குப்பையாகும்.

கோரிக்கைகள் இரண்டு. ஆதரவு நிறுத்தப்படும் அட்டைகளின் வேகத்தைத் திறக்கும் நிலைபொருளை என்விடியா வெளியிட வேண்டும். பொதுப் பணத்தில் கணினி வாங்கும் பல்கலைக்கழகங்கள், கட்டற்ற இயக்கியில் முழு வேகம் கிட்டுவதை ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனையாக எழுத வேண்டும். பொருளை விற்ற பிறகும் அதன் வேகத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளும் வணிகத்துக்குப் பொதுப் பணம் போகக் கூடாது.