ஏலக்காய் அப்புறம், முதலில் தெர்மாமீட்டர்

ஆசிரியர் மேசைக்கு வரும் செய்முறைகளில் ஒரு போக்கு தெரிகிறது. கோல்ஷ் மாதிரி லேசான ஜெர்மன் ஏல் ஒன்று வடிக்கப் போகிறேன் என்று ஆரம்பிப்பார்கள். மூன்றாவது வரியில் ஏலக்காய் விழுந்துவிடும். அடுத்து சுக்கு, அதற்கடுத்து மிளகு. கொச்சியோடு ஒட்டுறவு உள்ளவர்கள் எழுதினால் இது இன்னும் தூக்கலாக இருக்கும். குறை சொல்வதற்கில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளைத் தாண்டி நடந்தவருக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் அதிசயம். 1957-இல் தொடங்கிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கம் இருப்பதும் அந்த ஊரில்தான். ஆனாலும் சொல்கிறோம்: மசாலா டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள். அந்த ஊரில் கோல்ஷ் வடிப்பவருக்கு முன்னால் நிற்கும் கேள்வி மணம் இல்லை, சூடு.

அதற்கு முன் சட்டம். இதை அடிக்குறிப்பில் ஒளிப்பது வாசகரை மாட்டிவிடுவதாகும். கேரளத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் வடிப்பது குற்றம். இன்று மாநிலம் முழுக்க நடப்பிலிருக்கும் அப்காரிச் சட்டமே பழைய கொச்சி ராஜ்யத்தின் சட்டம்தான்: கொல்லம் ஆண்டு 1077-இன் 1-ஆம் சட்டம், நம் கணக்கில் 1901-02. 1967-இல் அதைத் திருத்திக் கேரளம் முழுமைக்கும் நீட்டினார்கள். அதன் 55-ஆம் பிரிவு பத்தாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் சொல்கிறது. மது தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரமும் பண்டமும் வைத்திருப்பதும் அதே பிரிவில் அடங்கும். 2022-இல் வந்த சிறு ஒயின் ஆலை விதிகள் கேரளத்தில் விளைபவற்றிலிருந்து ஒயின் எடுக்க உரிமம் தருகின்றன. பார்லி மால்ட்டுக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டு வாசகர் நிம்மதி அடைய வேண்டாம், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நம் தலைக்கு மேலும் இருக்கிறது.

பிறகு யாருக்கு இந்த உரை? சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு வடித்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அங்கே காற்றும் புழுக்கமும் அச்சாகக் கொச்சிதான். பெங்களூரு மைக்ரோபுரூவரிகளில் உரிமத்தோடு வேலை செய்யும் வாசகர்களுக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதே தலைவலி. கொச்சியில் இருப்பவர் இதைப் படிக்கலாம், கணக்குப் போட்டுப் பார்க்கலாம், அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

மட்டாஞ்சேரிக்கு வீட்டு நொதிப்பு புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யூதத் தெருக் குடும்பங்கள் சபாத் நாளுக்காக உலர்திராட்சையிலிருந்து ஒயின் எடுத்தார்கள். சிரியன் கிறிஸ்தவர், லத்தீன் கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பே பீங்கான் பரணியில் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். இதுவும் சட்டப்படி குற்றம்தான் என்று 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தபோது பல வீடுகளில் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பரணியில் வேறொரு பாடம் இருக்கிறது. 30 டிகிரியில் புளிக்கும் திராட்சைச் சாறும் ஈஸ்ட்டின் கோளாறுகளைக் கக்கத்தான் செய்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் இனிப்பும் கிராம்பும் சேர்ந்து அதை மூடிவிடுகின்றன. கோல்ஷில் மூடுவதற்கு எதுவுமே கிடையாது.

கொலோன் நகரத்தில் கோல்ஷ் 0.2 லிட்டர் மட்டும் பிடிக்கும் ஒல்லிக் கண்ணாடிக் குவளையில் வரும். காலியாக ஆகப் பரிசாரகர் கேட்காமலே அடுத்ததை வைத்து, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். போதும் என்றால் அட்டையைத் தூக்கிக் குவளைமேல் வைத்துவிட வேண்டும், வாயால் சொன்னால் அவர் காதில் ஏறாது என்பார்கள். அந்தக் குவளைக்குள் இருப்பது என்ன? பில்ஸ்னர் மால்ட், சிலர் சேர்க்கும் கொஞ்சம் கோதுமை, அளவான ஜெர்மன் ஹாப்ஸ். ஆரம்ப கிராவிட்டி 1.044 முதல் 1.050. கசப்பு 18 முதல் 30 ஐ.பி.யு. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி. 1986-இல் 24 ஆலைகள் கூடிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை இந்தப் பீருக்கு இலக்கணம் வகுத்தது: வெளிர் நிறம், மேல்நொதி ஈஸ்ட், ஹாப்ஸ் தெரிய வேண்டும், சர்க்கரை நன்றாக வற்றியிருக்க வேண்டும், வடிகட்டித் தெளிந்திருக்க வேண்டும். 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. ஆகவே வேறு எங்கே வடித்தாலும் ‘கோல்ஷ் பாணி’ என்று எழுதுவதே முறை.

இந்தப் பட்டியலில் எழுதப்படாத ஒன்று இருக்கிறது. ஏல் ஈஸ்ட்டைப் போட்டு, ஏலுக்குக் குளிரான 15 டிகிரி வாக்கில் நொதிக்க விட்டு, அதன்பின் லாகர் போல உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் படுக்கப் போடுவார்கள். கொலோனில் நிலவறை இதைச் சும்மா செய்துகொடுத்தது. கொச்சியில் வருஷம் பூராவும் 24-க்கும் 32-க்கும் நடுவில்தான் ஆட்டம். இரவும் பெரிதாக இறங்காது. நொதிக்கும் வோர்ட் தானே மூன்று நான்கு டிகிரி சூடேறும் என்பதையும் கூட்டிக்கொண்டால், கோல்ஷ் ஈஸ்ட் கேட்கும் இடத்துக்கு இருமடங்கு சூட்டில் அது வேலை செய்கிறது. ஐசோஅமைல் அசிடேட் கிளம்பி ஞாலிப்பூவன் தார் தொங்கும் கடை மாதிரி வாசம் வரும். பின்னாலேயே நெற்றியைப் பிடிக்கும் உயர் ஆல்கஹால்கள். இதற்கு மேல் ஏலக்காய் போட்டால் வாழைப்பழப் பாயசம்தான்.

சிக்கல் நொதிப்பில் தொடங்குவதும் இல்லை, கொதி முடிந்த நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பில்ஸ்னர் மால்ட்டில் டைமெதில் சல்ஃபைடுக்கான மூலம் மிகுதி. அதனால்தான் மூடாமல் 90 நிமிடம் கொதிக்க விடுகிறோம். அடுப்பை அணைத்த பிறகும் 80 டிகிரிக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வேகவைத்த சோளத்தின் வாடை மறுபடி ஊறிக்கொண்டிருக்கும். ஐரோப்பியப் புத்தகம் செம்புச் சுருளில் குழாய்த் தண்ணீரை ஓட்டு, இருபது நிமிடத்தில் ஆறிவிடும் என்கிறது. இங்கே குழாயில் வருவதே 28 டிகிரி. அதைக் கொண்டு 35 வரை இறக்கலாம், அதற்குக் கீழே எத்தனை வாளி ஓட்டினாலும் வீண். முதல் சுற்றுக்குக் குழாய், இரண்டாவது சுற்றுக்கு ஐஸ் போட்ட வாளியிலிருந்து சிறு பம்ப்பில் சுழலும் தண்ணீர், கடைசிப் பத்து டிகிரிக்கு ஃபிரிட்ஜ். 15-க்கு இறங்காமல் ஈஸ்ட்டைத் தூவக் கூடாது. அவசரத்தில் 28-இல் தூவிவிட்டு ‘ராத்திரிக்குள் இறங்கிவிடும்’ என்று இருப்பவர் கோல்ஷைக் கைவிட்டுவிட்டார் என்றே பொருள். எஸ்டர்களுக்கான அடித்தளம் ஈஸ்ட் பெருகும் அந்த முதல் நாளிலேயே விழுந்துவிடுகிறது.

பழைய ஃபிரிட்ஜும் ஒரு கன்ட்ரோலரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சென்சாரை ஃபிரிட்ஜ் காற்றில் தொங்கவிடாதீர்கள். பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி மேலே ஒரு தெர்மோகோல் துண்டை வைத்து டேப் சுற்றுங்கள், அளக்க வேண்டியது வோர்ட்டை. கிராவிட்டி 1.014 பக்கம் வந்ததும் 18 வரை ஏற விட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள், டயசெடைல் அடங்கும். அடங்கியதா என்று சோதிக்க ஆய்வகம் வேண்டாம். இரண்டு டம்ளரில் மாதிரி எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறியதும் இரண்டையும் முகருங்கள். சூடேற்றியதில் வெண்ணெய் வாசம் எழுந்தால் பாத்திரத்துக்குள் இன்னும் பாக்கி இருக்கிறது, குளிரில் தள்ள நேரம் வரவில்லை.

ஃபிரிட்ஜ் இல்லாதவருக்கு நார்வே ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. அங்கே பண்ணை வீடுகள் தலைமுறையாகக் காப்பாற்றி வரும் குவைக் ஈஸ்ட்டுகள் 30 தாண்டியும் கோளாறு செய்யாது. வோஸ் வகை 40 வரை தாங்கும், ஆனால் ஆரஞ்சுத் தோல் வாசம் விடும். லுட்ரா என்ற பெயரில் விற்கும் வகை சுத்தமாக ஓடும். கொச்சிச் சூட்டுக்குப் பிறந்தது போலிருக்கும் இதற்கும் சில குணங்கள் உண்டு. 1.045 போன்ற லேசான வோர்ட்டில் போஷாக்கு போதாமல் திணறும், ஈஸ்ட் ஊட்டச்சத்தைத் தாராளமாகவே போட வேண்டும். முடிவில் ஒரு சின்னப் புளிப்பும் தங்கும். குடிக்க அருமையான பீர் வரும், சந்தேகமில்லை. அதைக் கோல்ஷ் பாணி என்று போட்டிக்கு அனுப்பினால் நடுவர் புருவத்தைத் தூக்குவார், அதில் தப்பும் இல்லை.

கள் மண்டியை ஈஸ்ட்டாகப் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கள்ளப்பத்துக்கு மாவு பொங்க வைக்கிறதே என்பது அவர்கள் வாதம். கள்ளில் ஈஸ்ட்டோடு ஜைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் லாக்டிக் கூட்டமும் சேர்ந்து குடியிருக்கின்றன. பதநீரின் சுக்ரோஸை ஜைமோமோனாஸ் வெளுத்து வாங்கும், மால்ட்டின் மால்டோஸைத் தொடவே தெரியாது. ஆகவே ஆரம்ப வேகத்தைப் பார்த்து ஏமாறுவீர்கள். பிறகு நொதிப்பு நொண்டும், அந்த இடைவெளியில் புளிப்பு ஏறிவிடும். புளிப்பு ஏல் வேண்டுமென்றால் அது தனிப் பாதை, நல்ல பாதையும்கூட. லேசான ஜெர்மன் ஏலுக்கு அது வழியில்லை.

தண்ணீர் விஷயத்தில் கொச்சிக்கு அதிர்ஷ்டம். பெரியாற்று நீர் மென்மையானது, வெளிர் மால்ட்டுக்கு ஏற்றது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வர கால்சியம் குளோரைடு சேர்த்தால் போதும். குளோரினை விட்டுவைத்தால் மால்ட்டின் ஃபீனால்களோடு கலந்து ஆஸ்பத்திரி வாடை தரும். பழ ஸ்குவாஷ் போடுபவர்கள் வாங்கும் கே.எம்.எஸ். பொடி, 20 லிட்டருக்கு ஒரு சின்னச் சிட்டிகை, அதைத் தீர்த்துவிடும். கோடையில் ஆற்றில் உப்பேறும் நாட்களில் மட்டும் டி.டி.எஸ். மீட்டரை ஒருமுறை முக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

மால்ட்டைச் சேமிப்பதில் மட்டாஞ்சேரி மிளகு வியாபாரிகளிடம் கற்க நிறைய இருக்கிறது. ஜூன் பிறந்தால் காற்றே ஈரத்தைச் சரக்குக்குள் ஏற்றும் என்று அவர்களுக்குத் தெரியும். மிளகே 11, 12 சதவீத ஈரத்துக்கு மேல் போனால் பூசணம் பிடிக்கும். மால்ட்டோ 4, 5 சதவீதத்தில் மில்லிலிருந்து வருகிறது. சாக்கைப் பிரித்து மழைக்கால அடுக்களையில் வைத்தால் ஒரு மாதத்தில் பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையாது, வண்டும் வந்துவிடும். அரைபடுவதும் கெடும், சாறும் குறையும். செய்முறையை மாற்றுகிறோம் என்று அடுத்த முறை அரை கிலோ கூட்டிப் போடுபவர்கள் முதலில் மூடியை இறுக்கிப் பார்க்கட்டும்.

மாற்றிப் பார்க்க உண்மையாகவே தகுந்த ஒரு பண்டம் அவல். 20 லிட்டருக்கு நாலரை கிலோ தானியம் என்ற கணக்கில் அரை கிலோ பில்ஸ்னர் மால்ட்டை எடுத்துவிட்டு அவல் போடலாம். சாதா அரிசியின் மாவுச்சத்து மேஷின் 65 டிகிரியில் இளகாது, கஞ்சி வைத்துத்தான் சேர்க்க வேண்டும். அவல் ஏற்கெனவே நனைந்து, வறுபட்டு, இடிபட்டு வருவதால் நேராகக் கொட்டலாம். உடல் இன்னும் லேசாகி, ஹாப்ஸ் ஒரு படி முன்னால் வரும். சிவப்பு அவல் நிறத்தைக் கெடுக்கும், வெள்ளை அவலே சரி. ஜெர்மன் ஆலைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஏலக்காய்க்கு வருவோம். தடை ஏதும் சொல்லவில்லை, வரிசைதான் சொல்கிறோம். ஒரே செய்முறையை, ஒரே ஈஸ்ட்டை, மசாலா இல்லாமல் திரும்பத் திரும்ப வடித்து, இரண்டு தடவை அடுத்தடுத்து ஒரே ருசி வந்த பிறகு மூன்றாவதைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு மட்டும், நொதித்து முடிந்தபின், பச்சை ஏலக்காயின் தோலை நீக்கி விதையை நசுக்கி ஓட்காவில் ஒரு நாள் ஊறவைத்த சாறு. 10 லிட்டருக்கு ஐந்தாறு காயிலிருந்து தொடங்கலாம், சொட்டுச் சொட்டாகக் கூட்டலாம். கொதியில் போட்டால் மணம் ஆவியாகிவிடும், தோலின் கசப்பு மட்டும் மிஞ்சும்.

இனி, சட்டம் பற்றி இந்த இதழின் நிலைப்பாடு. பிரிட்டன் வீட்டில் வடிப்பதற்கான உரிமத்தை 1963-இலேயே எடுத்துவிட்டது. அமெரிக்கா 1978-இல் சட்டம் இயற்றியது. சிங்கப்பூர் லிட்டர் கணக்கில் கோடு போட்டது. கள்ளச்சாராயத்தின் சாவுகளைக் கண்ட கேரளம் பயப்படுவது நியாயம், 1996-இல் சாராயத்தை ஒழித்ததன் பின்னாலும் அந்தப் பயமுண்டு. ஆனால் கிறிஸ்துமஸ் பரணியும் சாராயப் பானையும் ஒரே பிரிவில் ஒரே தண்டனையைப் பெறுவது சரியில்லை. காய்ச்சி வடிப்பதைக் கடுமையாகத் தடுத்து, நொதிக்க வைப்பதை மட்டும் வீட்டுக்கு இத்தனை லிட்டர், விற்பனை கூடாது என்று அனுமதிக்கும் ஒரு சின்னத் திருத்தம் போதும். அதைக் கேட்டு மனு எழுத விரும்பும் கேரள வாசகர்கள் எங்களுக்கு எழுதலாம், வரைவுக்கு உதவுகிறோம்.

வடிக்கச் சட்டம் இடம் தரும் ஊர்களில் இருப்பவர்கள் அடுத்த இதழுக்குள் கோல்ஷ் பாணிக் குறிப்புகளை அனுப்புங்கள். ஈஸ்ட் தூவிய நேரத்து வெப்பம், முதல் மூன்று நாள் காலை மாலை வெப்பம், தொடக்க கிராவிட்டி, முடிவு கிராவிட்டி இவை கட்டாயம் வேண்டும். மசாலா போட்டவர்கள் போடாத பாதியின் குறிப்பையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அது இல்லாமல் வரும் செய்முறைகளை இனி வெளியிடுவதாக இல்லை.