ஆராய்ச்சிச் செலவு என்னும் பூச்சாண்டி

"காப்புரிமை கொடுக்காவிட்டால் புது மருந்தே வராது" என்று அடித்துப் பேசும் நண்பர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. (பி.காம். படிப்பவனுக்கு வேறென்ன தெரியும்!)

கிளிவெக் என்றொரு மாத்திரை. ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு. 2001-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர். 2012-இல் சுமார் 92,000. மாத்திரை அதேதான். போட்ட முதலை எடுக்கத்தான் இந்த விலை என்றால், முதல் திரும்பத் திரும்ப விலை இறங்கத்தானே வேண்டும்? இங்கே ஏறுகிறதே, எந்தக் கணக்குப் புத்தகத்தில் இது வரும்? இத்தனைக்கும் இந்த மருந்தின் பின்னால் இருக்கும் பிரையன் டிரக்கரின் ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணமும் போயிருக்கிறது.

நம்மூர்க் கதைக்கு வருவோம். அதே மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-இல் தள்ளுபடி. சட்டப்பிரிவு 3(டி)யே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள்; 2007-இல் அங்கும் தோல்வி. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. புது வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறதாம். சேரட்டும் ஐயா, நோய் கூடுதலாகக் குணமாகிறதா? அதைத்தான் அவர்களால் காட்ட முடியவில்லை.

அந்த வழக்குக் காலத்தில் அவர்கள் விலை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. இந்திய கம்பெனிகளின் மாத்திரை அப்போது சுமார் பத்தாயிரம். "நாங்கள் இலவசமாகவும் கொடுத்தோமே" என்பார்கள். பலருக்குக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த இலவசத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் நாலு கம்பெனி சரக்கு இருந்தால் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.