புல்வெளி காக்கும் பொருள்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்னும் புல்வெளி கண்ணுக்கெட்டிய தொலைவும் பரந்து கிடந்தது. பைசன் எனப்படும் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் அங்கே மேய்ந்து திரிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேட்டையால் அவை ஏறக்குறைய ஆயிரமாய்க் குறைந்தன. புல்வெளியின் பெரும்பகுதியும் ஏருக்கு இரையாயிற்று.

எஞ்சியதில் ஒரு பகுதியையேனும் காத்தல் வேண்டுமெனக் கருதிக் கனடாவின் நடுவணரசும் சஸ்காச்சுவான் மாகாண அரசும் 1981ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாக எழுந்ததே கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. அதற்குரிய நிலம், விற்க மனமுவந்தாரிடமிருந்து சிறிது சிறிதாக விலைக்கு வாங்கப்பெற்றது.

நிலத்தை வாங்கிய அளவில் பணி முடிந்துவிடுமோ? முடியாது. பண்டு உழப்பட்ட வயல்களில் அயல்நாட்டுப் புல்லொன்று வேரூன்றி, அந்நிலத்துக்குரிய புற்களை நெருக்கிற்று. அதனைக் களைதலும், உரிய புல்லின் விதையைத் தூவுதலும், முதிர்ந்த புல்லை அளவறிந்து எரித்தலும், கால்நடைகளை முறையாக மேயவிடுதலும் இடையறாது செய்தற்குரியன. இவற்றுக்கெல்லாம் பொருள் வேண்டும். அதுவும் ஆண்டுதோறும் வேண்டும்.

"மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டியிருக்கப் புல்லுக்குப் பொருள் செலவிடுதல் தகுமோ?" என்று வினவுவார் உளர். அவ்வினா புறக்கணித்தற்குரியதன்று. ஆயின், 1930ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அப்புல்வெளி நாட்டில் நிகழ்ந்ததை அவர் எண்ணிப் பார்த்தல் நன்று. மழை பொய்த்தது. மண்ணைப் பற்றிநின்ற புல்வேர் உழவால் அழிந்திருந்தமையின், காற்று மண்ணை வாரிச் சென்றது. குடிகள் பலர் நிலத்தைத் துறந்து வெளியேறினர். ஆதலின் புல்லைக் காத்தல் மக்களைக் காத்தலே ஆகும்.

எனினும், பொருளைச் செலவிடும் முறையும் அறிதல் வேண்டும். 2009ஆம் ஆண்டில், அந்நாட்டில் அற்றுப்போயிருந்த கருங்கால் ஃபெரட்டு என்னும் சிறு விலங்கு இப்பூங்காவில் விடப்பட்டது. கீரியைப் போன்ற உருவுடைய அது, பெரும்பாலும் வளைகளில் வாழும் பிரெய்ரி நாய்களை உண்டு உயிர்வாழ்வது. மறு ஆண்டே பிரெய்ரி நாய்களிடையே கொள்ளைநோய் காணப்பட்டது. சில ஆண்டுகளில் ஃபெரட்டுகளும் கண்ணுக்கு மறைந்தன. அடித்தளம் உறுதிப்படாத மனைக்கு மாடம் கட்டினால் அது நில்லாதன்றோ? காண்பார் வியக்கும் விலங்குக்கு உதவ விரும்புவோர், அதற்கு இரையாகும் எளிய உயிருக்கும், அவ்வுயிரைத் தாங்கும் புல்லுக்கும் முதற்கண் உதவுதல் வேண்டும்.

காட்டெருமையின் வரலாறோ நம்பிக்கை அளிப்பது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவிலிருந்து 71 காட்டெருமைகள் இங்குக் கொணரப்பட்டன. அவை, கனடா அரசு 1907ஆம் ஆண்டு முதலாக மைக்கேல் பாப்லோ என்பாரிடம் விலைக்கு வாங்கிய மந்தையின் வழிவந்தவை. அன்று கொடுத்த பொருள் ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின் இப்புல்வெளியில் பயன் தந்தது. வாங்கியவர் எவரும் அப்பயனைக் கண்டிலர். ஆயினும் இடைப்பட்ட தலைமுறையினர் அம்மந்தையைக் கைவிடாது பேணினர்.

பனை நட்டவன் அதன் பயனைத் தன் பேரனுக்கே விட்டுச் செல்கிறான். புல்வெளிக்கு அளிக்கும் பொருளும் அத்தகையதே. ஒருநாள் வாரி வழங்கிப் பின்னர் மறந்துவிடும் பெருங்கொடையினும், ஆண்டுதோறும் தவறாது அளிக்கும் சிறுதொகையே நிலத்தைக் காக்கும்.